கொம்புப் பக்கம் தொங்கும் குஞ்சம்: விருதுநகர் வட்டாரத்து இருசக்கர வண்டிகளும் விலங்கு வாலும்

1960களில் இங்கிலாந்தின் ‘மாட்’ இளைஞர்கள் தங்கள் வெஸ்பா, லாம்பிரெட்டா ஸ்கூட்டர்களின் பின்புறத்தில் நீண்ட கம்பியொன்றை நட்டு அதன் நுனியில் நரிவாலைக் கட்டிக்கொண்டு திரிந்தார்கள். 1980களின் ஜெர்மனியில் ஓப்பல் மான்டா கார்களின் ஏரியலில் அதே நரிவால் ஆடியது. அந்த ஓட்டுநர்களைக் கிண்டல் செய்யும் துணுக்குகள் பெருகி, 1991இல் ‘மான்டா, மான்டா’ என்று திரைப்படமே வந்தது. அங்கெல்லாம் விலங்கு வேறு, வண்டி வேறு. செத்த விலங்கின் வால் ஓட்டுபவனின் மிடுக்குக்கு அடையாளமாகி, பின்னால் பறக்கிறது.

விருதுநகர், சாத்தூர், சிவகாசி, வெம்பக்கோட்டைச் சாலைகளில் நரிவால் கட்டிய பைக் வழக்கத்தில் இல்லை. ஆனால் வாலைப் போலத் தொங்குகிற பொருள்கள் உண்டு: கைப்பிடியில் குஞ்சம், முன்பக்கத்தில் கறுப்புக் கயிறு, சிலவற்றில் மயிலிறகு. இவற்றை மேலைநாட்டு மோஸ்தரின் ஏழை நகலாகக் கொள்வது எளிது. அது பிழை என்பதே என் வாதம். இவை வேட்டைக்காரன் வழி வந்தவை அல்ல, வண்டிக்காரன் வழி வந்தவை. இங்கே பைக்தான் மாடு. அதற்கு முதற்சான்று, அலங்காரம் அமரும் இடம்.

மாட்டை அலங்கரிப்பவர் கை வைப்பது முன்பாதியில்தான். கொம்புக்கு வண்ணமும் பித்தளைக் குப்பியும், நெற்றிக்குப் பட்டம், கழுத்துக்குச் சலங்கையும் மணியும், கண்ணேறு படாமலிருக்கக் கறுப்புக் கயிறு. வாலை யாரும் பெரிதாகச் சீண்டுவதில்லை. ஈ ஓட்டும் வேலை அதற்கு இருக்கிறது. இந்த வட்டாரத்தில் இது வெறும் உழவர் வழக்கமும் அல்ல. நாடார் வணிகர்கள் சிவகாசி, விருதுபட்டி (இன்றைய விருதுநகர்), அருப்புக்கோட்டை, திருமங்கலம், பாலையம்பட்டி, சாத்தங்குடி ஆகிய ஆறு ஊர்களில் வளர்த்தெடுத்த வணிகம் மாட்டுவண்டியின் மேல் நின்றது. சரக்கையும் மாட்டையும் இரவில் பூட்டிக் காக்கவே பேட்டைகள் எழுந்தன என்பதை ராபர்ட் ஹார்ட்கிரேவ் நாடார்களைப் பற்றி 1969இல் வெளியிட்ட நூல் விரிவாகப் பேசுகிறது. முதலீட்டில் பாதி நான்கு காலில் நடந்துகொண்டிருந்தால் அதன்மேல் விழும் பொறாமைக் கண்ணுக்கு அஞ்சத்தானே வேண்டும்? கயிறும் குஞ்சமும் காப்புறுதி, அழகு இரண்டாவது.

ஆயுத பூசையன்று சிவகாசி அச்சகங்களில் ஆஃப்செட் இயந்திரத்துக்கு நடப்பதே வாசலில் நிற்கும் பைக்குக்கும் நடக்கிறது. முகப்பு விளக்கின் மேல் சந்தனமும் குங்குமமும் இடுகிறார்கள், அது நெற்றி. ஹேண்டில்பாரின் இரு முனைகளுக்கும் மாலையைக் கொடுக்கிறார்கள், அவை கொம்பு. பின்பலகைக்கு, மனமிருந்தால், ஒரு பொட்டு. சக்கரத்தடியில் எலுமிச்சையை நசுக்கியதும் வண்டி புறப்படும்.

வாலை அணியாக்கும் மரபு தமிழில் இல்லையா என்ற மறுப்பு நியாயமானது. இமயத்துக் கவரியைச் சங்கப் பாடல்கள் அறியும். அதன் வால்மயிர் சாமரமாகி அரசனுக்கு இருபுறமும் வீசப்பட்டது. குதிரையின் காதருகே தொங்கவிடும் கன்னசாமரையைக் கலித்தொகை உரை பேசுகிறது. ஆனால் அந்த வாலும் குதிரையின் முகத்துக்குத்தான் வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். மறுப்பாகத் தொடங்கிய சான்று என் பக்கமே சாய்கிறது.

நரியின் கதை இன்னும் தெளிவானது. சேலம் மாவட்டம் வாழப்பாடிப் பக்கத்து ஊர்களில் காணும் பொங்கலையொட்டி வங்கா நரியைப் பிடித்து வந்து, ஊரார் கண்டபின் விட்டுவிடும் வழக்கம் இருந்துவருகிறது. வனத்துறை அதைத் தடுத்து அபராதமும் விதிக்கிறது. அங்கே நற்பேறு இருப்பது நரியின் முகத்தில். வாலை அறுத்து வைத்துக்கொள்ளும் எண்ணம் அச்சடங்கில் இல்லை. நரி உயிரோடு காட்டுக்குத் திரும்பியாக வேண்டும். வால் காப்பாக மாறும் ஓர் இடம் யானையின் வால்முடி மோதிரம். அதுவும் விரலுக்குரியது, காட்சிக்குரியதல்ல. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றமும்கூட.

அந்தச் சட்டமே விலக்களித்திருக்கும் வால் ஒன்று உண்டு: மயிலின் இறகு. மயில் முதல் அட்டவணையில் இருந்தாலும் அதன் வாலிறகு உள்நாட்டு வணிகத் தடைக்கு உட்படவில்லை. (விலங்கியலார் தோகையை வால் என்று ஒப்பமாட்டார்கள், வாலை மூடிக் கிடக்கும் மேலிறகுகள் அவை. சட்டத்துக்கு அந்த நுணுக்கம் தேவைப்படவில்லை.) பழனிக்கும் திருச்செந்தூருக்கும் போகும் காவடியிலிருந்து பைக்கின் முகப்புக்கு அது வந்து சேர்வதில் வியப்பில்லை. மயிலைக் கொன்று எடுத்ததல்ல, உதிர்ந்ததைப் பொறுக்கியது என்பது அதன் மதிப்புக்கு அடிப்படை. ‘மாட்’ இளைஞர்களின் நரிவாலுக்கு மதிப்பைத் தந்தது இதற்கு நேர்மாறு.

சல்லிக்கட்டுத் தடைக்கு எதிரான 2017 சனவரிப் போராட்டத்துக்குப் பிறகு சல்லிக்கட்டுக் காளை ஒட்டுப்படமாகப் பெட்ரோல் டேங்கில் ஏறியது. சீறிப் பாயும் அந்தப் படங்களில் வால் சாட்டையாக மேலே சுழல்கிறது. வண்டியில் வால் முதன்முறையாகக் கண்ணுக்குத் தெரிகிறது, அதுவும் உயிருள்ள மாட்டின் உடம்போடு சேர்ந்தே. அதே ஆண்டின் சல்லிக்கட்டு விதிகள் வாலைப் பிடிப்பதைத் தடை செய்து திமிலை மட்டும் அனுமதித்ததையும் இதனருகே வைத்துப் பார்க்கலாம். அறுபட்ட வால் மட்டுமல்ல, பிடிபட்ட வாலும் இங்கே பெருமைக்குரியதல்ல.

இந்த வட்டாரத்துப் பட்டாசு ஆலைகளின் நிலையையும் சொல்ல வேண்டும். நிலைமின்னுக்கு அஞ்சி அங்கே செயற்கை இழைத் துணிக்கு அனுமதியில்லை, பருத்திதான்; ஆகவே நைலான் குஞ்சம் வண்டியோடு வாசலுக்கு வெளியே நின்றுவிடுகிறது. வெடிமருந்தறைக்குள் நுழைய முடியாத ஒரு பொருள் ஆளின் உடம்புக்கு வராமல் வண்டியிலேயே தங்கியதற்கு இதுவும் ஒரு சிறு காரணமாக இருக்கலாம். ஊகம்தான், அழுத்திச் சொல்லமாட்டேன்.

இப்போது இணைய அங்காடிகளில் செயற்கை நரிவால்கள் சாவிக்கொத்தோடு விற்கின்றன. அவை பின்பலகைக்கும் பின்கம்பிக்கும் இடம் மாறினால் வேட்டைச் சின்னம் தாமதமாக வந்து சேர்ந்தது என்று ஒப்புக்கொண்டு இந்த வாதத்தைத் திருத்த வேண்டியிருக்கும். கைப்பிடியில் பழைய குஞ்சத்தோடு அவை சேர்ந்துகொண்டால், மாட்டின் நெற்றிக்கு இன்னோர் அணி கூடியிருக்கிறது என்றுதான் கொள்வேன்.