சம்பளம் லேட்டானதால் கிளம்பிய புரளி... 'பொலிட்டிகோ' இவ்வளவு பெரிதாக வளர்ந்தது எப்படி?

2025 பிப்ரவரி முதல் வாரம். அமெரிக்காவின் அரசியல் செய்தி நிறுவனமான பொலிட்டிகோவில் ஊழியர்களுக்கு சம்பளம் குறித்த நேரத்தில் கணக்கில் ஏறவில்லை. தொழில்நுட்பக் கோளாறு என்றது நிர்வாகம். எங்கேயும் நடக்கிற விஷயம்தான். ஆனால் அதே நேரத்தில் டிரம்ப் அரசு, யு.எஸ்.எய்ட் என்ற வெளிநாட்டு உதவி அமைப்பின் நிதியை முடக்கியிருந்தது. இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டது சமூக வலைதளம். "அரசு காசு நின்னதும் சம்பளம் நின்னுபோச்சு பாருங்க" என்று எக்ஸ் தளத்தில் பதிவுகள் பறந்தன.

அடுத்து வெள்ளை மாளிகையின் செய்தித் தொடர்பாளர் கரோலின் லெவிட்டே செய்தியாளர்கள் முன் வந்தார். மக்கள் வரிப்பணத்தில் 80 லட்சம் டாலருக்கு மேல் பொலிட்டிகோ சந்தாவுக்குப் போயிருக்கிறது, இனிமேல் போகாது என்று அறிவித்தார்.

அந்தத் தொகை கற்பனை இல்லை. ஆனால் யு.எஸ்.எய்ட் கொடுத்தது அதில் மிகச் சிறிய பங்கு. 2023, 2024 இரண்டு ஆண்டுகளுக்கும் சேர்த்தே சுமார் 44 ஆயிரம் டாலர்தான். மீதி எல்லாம் மற்ற அரசுத் துறைகள் கட்டிய சந்தா. நிதி உதவியோ மானியமோ கிடையாது. காசு கொடுத்து செய்திச் சேவை வாங்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஒரு செய்தித் தளத்துக்கு அரசுத் துறைகள் ஏன் லட்சக்கணக்கில் சந்தா கட்ட வேண்டும்? அந்தக் கேள்விக்கான பதிலில்தான் பொலிட்டிகோவின் மொத்த வளர்ச்சியும் இருக்கிறது.

யார் ஆரம்பித்தது?

2006-ம் ஆண்டின் கடைசி. வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகையின் அரசியல் பிரிவில் ஜான் ஹாரிஸ், ஜிம் வாண்டேஹெய் என்று இரண்டு பேர். ஒருவர் எடிட்டர், இன்னொருவர் செய்தியாளர். அரசியலுக்கு மட்டுமே என்று ஒரு செய்தித் தளம் வேண்டும் என்பது இவர்களின் எண்ணம். அமெரிக்காவில் அரசியல் செய்தியாளராக இருப்பவருக்கு போஸ்ட் வேலை என்றால் உச்சம். அதை விட்டுவிட்டு, பெயர் தெரியாத ஒரு புது நிறுவனத்துக்குப் போனார்கள்.

பணம் போட்டவர் ராபர்ட் ஆல்பிரிட்டன். பணக்காரக் குடும்பம், ஊடகமும் பழக்கம். அவருடைய அப்பா ஜோ ஆல்பிரிட்டன் ஒரு வங்கியாளர், ஒரு காலத்தில் வாஷிங்டன் ஸ்டார் நாளிதழை நடத்தியவர். தலைநகரில் அவர்கள் வைத்திருந்த டிவி சேனலின் பெயர் டபிள்யூ.ஜே.எல்.ஏ. அதில் பின்னால் வரும் மூன்று எழுத்தும் அப்பாவின் இனிஷியல்!

மகன் முதலில் யோசித்தது, நாடாளுமன்ற வட்டாரத்தில் விநியோகிக்க 'தி கேபிடல் லீடர்' என்ற சின்ன பேப்பர்தான். ஹாரிஸும் வாண்டேஹெய்யும் வந்த பிறகு திட்டம் மாறியது, பெயரும் மாறியது. 2007 ஜனவரி 23 அன்று பொலிட்டிகோ ஆரம்பமானது. அதிபர் புஷ் நாடாளுமன்றத்தில் ஆண்டு உரை ஆற்றிய நாள் அது. தேதியைச் சும்மா தேர்ந்தெடுக்கவில்லை.

காலை நேரத்தைப் பிடித்த ஈமெயில்

அப்போது ட்விட்டர் இன்னும் பெரிதாகவில்லை. பெரிய பத்திரிகைகள் இணையதளத்தை அச்சுப் பேப்பரின் நகல் மாதிரிதான் நடத்திக்கொண்டிருந்தன. மதியம் நடந்த சம்பவம் அடுத்த நாள் காலை பேப்பரில் வரும். பொலிட்டிகோ அந்த இடைவெளியில் நுழைந்தது. விஷயம் கிடைத்ததா, உடனே போடு. விடியற்காலையில் யார் முதலில் பேசுகிறாரோ, அன்றைய அரசியல் பேச்சு அவர் கையில் என்பதுதான் அங்கே எழுதப்படாத சட்டம்.

இதன் உச்சம் 'பிளேபுக்'. டைம் பத்திரிகையிலிருந்து வந்த மைக் ஆலன், இன்று என்ன நடக்கும், எதைத் துரத்தலாம் என்று தன் எடிட்டர்களுக்குத் தினமும் அனுப்பிய ஈமெயில்தான் இது. அலுவலகத்துக்குள் ஓடிய அந்தக் கடிதம் வெளியே போனது. கொஞ்ச நாளில் வெள்ளை மாளிகை அதிகாரிகள், எம்.பி.க்களின் உதவியாளர்கள், டிவி தயாரிப்பாளர்கள் எல்லாம் கண் விழித்ததும் பார்க்கிற முதல் விஷயமாகிவிட்டது. அன்றைய முக்கியச் செய்தி, கிசுகிசு, யார் எந்த விருந்தில் இருந்தார், யாருக்குப் பிறந்தநாள்... எல்லாமே ஒரே ஈமெயிலில். பிறந்தநாள் வாழ்த்தில் தன் பெயர் வர வேண்டும் என்று ஆசைப்படாத ஆள் வாஷிங்டனில் குறைவு.

2008 தேர்தல் இவர்களுக்குப் பெரிய மேடை. அந்த ஆகஸ்ட் மாதம் குடியரசுக் கட்சி வேட்பாளர் ஜான் மெக்கெய்னிடம் பொலிட்டிகோ செய்தியாளர்கள் ஒரு சாதாரண கேள்வி கேட்டார்கள். உங்களுக்கு எத்தனை வீடு? மெக்கெய்னால் உடனே எண்ணிக்கை சொல்ல முடியவில்லை. உதவியாளரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார். வீட்டுக் கடன் கட்ட முடியாமல் மக்கள் தவித்த நேரம் அது. ஒபாமா தரப்பு இதை உடனே விளம்பரமாக்கிவிட்டது.

வேகத்துக்குக் கொடுத்த விலை

வேகம் எப்போதும் கைகொடுக்காது. ஆரம்பித்த இரண்டாவது மாதமே அடி விழுந்தது. 2007 மார்ச்சில், ஜனநாயகக் கட்சியின் ஜான் எட்வர்ட்ஸ் தன் மனைவியின் புற்றுநோய் காரணமாகப் பிரசாரத்தை நிறுத்தப்போகிறார் என்று பொலிட்டிகோ செய்தி போட்டது. ஒரே ஒருவர் சொன்னதை நம்பிப் போட்ட செய்தி. கொஞ்ச நேரத்தில் எட்வர்ட்ஸ் மனைவியோடு மேடைக்கு வந்து, பிரசாரம் தொடரும் என்றார். எழுதிய செய்தியாளர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்.

உள்ளே வேலை பார்ப்பவர்களும் களைத்துப்போனார்கள். சூரியன் உதிப்பதற்கு முன்பே வேலை தொடங்கிவிடும்.  இளைஞர்கள் பலர் வேலையை விட்டுப் போனது 2010-ல் நியூயார்க் டைம்ஸ் செய்தியிலும் இடம்பெற்றது.

பிளேபுக் மீதும் விமர்சனம் உண்டு. அதற்குள் வரும் விளம்பரமும் செய்தி மாதிரியே இருக்கிறது, விளம்பரம் கொடுத்தவர்களைப் பற்றி நல்ல வார்த்தைகளும் வருகின்றன என்று வாஷிங்டன் போஸ்ட்டின் ஊடக விமர்சகர் எரிக் வெம்பிள் 2013-ல் உதாரணங்களோடு எழுதினார். யாரைப் பற்றி எழுதுகிறோமோ அவர்களிடமே காசு வாங்குவது என்ற சிக்கல், இந்த நிறுவனத்தின் கூடவே வளர்ந்த ஒன்று.

காசு எங்கிருந்து வந்தது?

கேட்டால் சிரிப்பு வரும். டிஜிட்டல் நிறுவனம் என்று பெயர். ஆரம்ப வருடங்களில் சோறு போட்டது அச்சடித்த பேப்பர்! நாடாளுமன்ற வளாகத்தைச் சுற்றி இலவசமாகக் கொடுக்கப்பட்ட சின்ன பேப்பர் அது. பிரதிகள் குறைவுதான். ஆனால் படிப்பவர் யார்? சட்டம் இயற்றுபவர், அவருடைய உதவியாளர், அவரைச் சந்திக்கக் காத்திருப்பவர். போர் விமானம் தயாரிக்கும் கம்பெனி பொதுமக்களுக்கு விளம்பரம் கொடுத்து என்ன ஆகப்போகிறது? பாதுகாப்பு பட்ஜெட்டில் கையெழுத்துப் போடுகிற சில நூறு பேர் பார்த்தால் போதும். அதற்காக முழுப் பக்க விளம்பரம் கொடுத்தார்கள்.

அங்கேதான் இவர்களுக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. கோடி பேர் சும்மா படிப்பதைவிட, வேலைக்காகப் படித்தே ஆக வேண்டிய சில ஆயிரம் பேர் மதிப்பானவர்கள்.

2011-ன் தொடக்கத்தில் 'பொலிட்டிகோ ப்ரோ' முழுமையாகச் செயல்படத் தொடங்கியது. முதலில் சுகாதாரம், எரிசக்தி, தொழில்நுட்பம் என்று மூன்று துறைகள். பிறகு விவசாயம், வரி, பாதுகாப்பு, போக்குவரத்து என்று நீண்டது. ஒரு மசோதாவில் எந்த வரி மாறியது, எந்தக் கமிட்டி எப்போது கூடுகிறது, எந்த விதிமுறை இந்த வாரம் வெளியாகும் என்பதெல்லாம் நிமிடத்துக்கு நிமிடம் வரும். பொதுவாசகருக்கு இது தூக்கம் வரவைக்கிற சமாசாரம். ஒரு மருந்துக் கம்பெனிக்கோ, நிறுவனங்களுக்காக அரசிடம் காரியம் சாதிக்கும் லாபி ஆட்களுக்கோ, அந்த ஒரு வரி மாற்றம் கோடிகளைத் தீர்மானிக்கும். ஆண்டுக்குப் பல ஆயிரம் டாலர் என்று சந்தா வைத்தும் வாங்கினார்கள்.

மற்ற செய்தித் தளங்கள் எல்லாம் அப்போது ஃபேஸ்புக் வழியாக வரும் கூட்டத்தை நம்பி இருந்தன. ஃபேஸ்புக் தன் கணக்கை மாற்றியதும் பல தளங்கள் படுத்துவிட்டன. பொலிட்டிகோவுக்கு அந்த அடி விழவில்லை. 2020 டிசம்பரில், எரிசக்தி, சுற்றுச்சூழல் செய்திகளுக்குப் பெயர் போன இ அண்ட் இ நியூஸ் நிறுவனத்தையும் வாங்கியது. அதுவும் இதேபோல் விலை உயர்ந்த சந்தாவில் ஓடுவதுதான்.

நடுவில் ஆல்பிரிட்டன் இன்னொரு முடிவு எடுத்தார். குடும்பத்தின் டிவி சேனல்களை சின்க்ளேர் நிறுவனத்துக்கு விற்க 2013-ல் ஒப்பந்தம் போட்டார். விலை 98.5 கோடி டாலர். அப்பா பெயர் தாங்கிய சேனலும் அதில் போனது. பொலிட்டிகோவை மட்டும் வைத்துக்கொண்டார்.

உடைந்த நட்பு, வந்தது போட்டி

2015-ல் ஜெர்மனியின் ஆக்சல் ஸ்பிரிங்கர் நிறுவனத்தோடு கூட்டு சேர்ந்து பிரஸ்ஸல்ஸில் பொலிட்டிகோ ஐரோப்பா தொடங்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் தலைமை அங்கேதானே இருக்கிறது! விதிமுறைகள், கமிட்டிகள், லாபி... வாஷிங்டனில் ஓடிய ஃபார்முலாவுக்கு அச்சு அசல் பொருத்தமான ஊர்.

ஆனால் வாஷிங்டனில் விரிசல். வாண்டேஹெய், மைக் ஆலன், வணிகப் பிரிவைப் பார்த்த ராய் ஷ்வார்ட்ஸ் ஆகியோர் 2016-ல் வெளியேறினார்கள். 2017-ல் 'ஆக்சியோஸ்' என்று புதுத் தளம் ஆரம்பித்தார்கள். செய்தியை நாலே வரியில், புள்ளி வைத்துச் சொல்வது அதன் பாணி. ஐந்து ஆண்டில், 2022-ல், அதை காக்ஸ் நிறுவனம் 52.5 கோடி டாலருக்கு வாங்கியது.

முக்கிய ஆட்கள் போனால் பொலிட்டிகோ அவ்வளவுதான் என்று பேசியவர்கள் உண்டு. நடந்தது வேறு. 2021-ல் ஆக்சல் ஸ்பிரிங்கர் மொத்த நிறுவனத்தையும் வாங்கியது. விலை 100 கோடி டாலருக்கு மேல்! நட்சத்திரச் செய்தியாளர்கள் போனாலும் ப்ரோ சந்தாதாரர்கள் போகவில்லையே, அதற்குத்தான் அந்த விலை.

உலகமே திரும்பிப் பார்த்த இரவு

2022 மே 2. கருக்கலைப்பு உரிமையை ரத்து செய்யும் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் வரைவுத் தீர்ப்பை, வெளியாவதற்கு முன்பே பொலிட்டிகோ வெளியிட்டது. 98 பக்க ஆவணம். தீர்ப்பு முழுசாக இப்படி முன்கூட்டியே கசிவது அந்த நீதிமன்ற வரலாற்றில் கேள்விப்படாத ஒன்று. அடுத்த நாளே தலைமை நீதிபதி ராபர்ட்ஸ், அது உண்மையான ஆவணம்தான், ஆனால் இறுதி முடிவு அல்ல என்று சொல்ல வேண்டி வந்தது. ஜூன் 24-ல் வந்த தீர்ப்பு கிட்டத்தட்ட அதேதான். யார் கொடுத்தது? நீதிமன்றம் நடத்திய விசாரணையிலும் ஆள் சிக்கவில்லை.

இந்தச் செய்தியைப் படிக்க யாரும் ஆயிரக்கணக்கில் சந்தா கட்ட வேண்டியதில்லை. எல்லாருக்கும் இலவசம்தான். லாபி ஆட்கள் கட்டுகிற காசு, இப்படி ஒரு செய்திக்காகப் பல வருடம் நீதிமன்றத்திலேயே காத்துக்கிடக்கும் செய்தியாளருக்குச் சம்பளமாகவும் போகிறது. இந்த வியாபாரத்தைக் குறை சொல்பவர்கள் இந்தப் பக்கத்தையும் கணக்கில் எடுத்தாக வேண்டும்.

மறுபடியும் 2025

இப்போது அந்த 80 லட்சம் டாலருக்கு வரலாம். சுற்றுச்சூழல் விதிமுறை எழுதுகிற அதிகாரிக்கு, நாடாளுமன்றத்தில் அது பற்றி என்ன நகர்கிறது என்று தெரிய வேண்டும். அதற்காக அரசுத் துறைகளே ப்ரோ, இ அண்ட் இ சந்தாக்களை வாங்கின. பைடன் ஆட்சியில் மட்டும் இல்லை, டிரம்ப்பின் முதல் ஆட்சிக் காலத்திலும் வாங்கின. இரண்டு கட்சி எம்.பி.க்களின் அலுவலகங்களும் வாங்கின. பொலிட்டிகோவை எதிர்த்துப் பதிவு போட்ட சில குடியரசுக் கட்சிக்காரர்களின் அலுவலகச் செலவுக் கணக்கிலும் இந்தச் சந்தா இருந்தது தனிக்கதை.

புரளி பொய் என்பதால் பிரச்சனை முடிந்துவிடவில்லை. எந்த அரசைப் பற்றி எழுதுகிறார்களோ, அந்த அரசே வாடிக்கையாளர். கோபம் வந்தால் ஒரே உத்தரவில் சந்தாவை நிறுத்தலாம். அப்படித்தான் நடந்தது. பொலிட்டிகோ, பிபிசி, புளூம்பெர்க் உட்பட ஊடகச் சந்தாக்களை ரத்து செய்ய அரசின் பொதுச் சேவை நிர்வாகத்திலிருந்து உத்தரவு போனது. பொலிட்டிகோவின் தலைமைச் செயல் அதிகாரி கோலி ஷேக்கோலஸ்லாமியும் நிறுவனர் ஹாரிஸும் வாசகர்களுக்கு ஒரு விளக்கம் எழுதினார்கள். அரசு நிதியோ மானியமோ ஒருபோதும் வாங்கியதில்லை, சந்தாதாரர்களில் பெரும்பாலோர் தனியார் துறையினர் என்றார்கள்.

அந்த வாரம் தாமதமான சம்பளம், கோளாறு சரியானதும் ஊழியர்களின் கணக்கில் ஏறிவிட்டது. புரளியைப் பரப்பிய பதிவுகளில் பல இன்னும் அப்படியே இருக்கின்றன.