படைக்கலப் பொறிப்புகளும் வண்ண நிரப்பும்: வடதொண்டை மண்டலப் போர்க்களங்களை முன்வைத்து

திருத்தணிக்கும் பள்ளிப்பட்டுக்கும் இடையே அமைந்த பொதட்டூர்பேட்டை இன்று நெசவூராகவே அறியப்படுகிறது. இரண்டாம் மைசூர்ப் போரின்போது இவ்வட்டாரத்தை ஒட்டிய நிலமெங்கும் படைகள் நடமாடின. பொள்ளிலூரில் 1780 செப்டம்பர் 10, 1781 ஆகஸ்ட் 27 ஆகிய நாள்களில் இருமுறை போர் நிகழ்ந்தது. 1781 செப்டம்பர் 27 அன்று சோளிங்கரில் ஐதர் அலியின் படையும் அயர் கூட்டின் படையும் மோதின. இப்போர்களின் அரசியலைக் குறித்து நிறைய எழுதப்பட்டுள்ளது. அவற்றில் எதிரெதிராக நின்ற இருதரப்பின் துப்பாக்கிகளும் தாங்கிய எழுத்துகளும் குறிகளும் பெற்ற கவனம் குறைவு. அக்குறிகளின் பள்ளங்களில் பிற்காலத்தார் வண்ணம் நிரப்புவதால் சான்றுக்கு நேரும் விளைவை இக்கட்டுரை ஆராய்கிறது.

பொறிப்புப் பள்ளத்தை நிரப்புவது பழைய தொழில்நுட்பமே. ஆயினும் பழைய நிரப்பு பெரும்பாலும் உலோகமே. இந்தியக் கைவினைஞர் இதற்கு இரு வழிகளைக் கையாண்டனர். முதலாவது பதிப்பு வேலை: இரும்பில் பள்ளம் வெட்டி, அதன் பக்கச்சுவர்களை உட்புறமாகக் குடைந்து, பொன் அல்லது வெள்ளிக் கம்பியை உள்ளே வைத்து அடிப்பர். குடைந்த விளிம்பு கம்பியைக் கவ்விக்கொள்ளும். இரண்டாவது கோஃப்த்காரி: பள்ளம் வெட்டாமல் இரும்பின் மேற்பரப்பைக் குறுக்கும் நெடுக்குமாக நுண்கீறலிட்டுச் சொரசொரப்பாக்கி, அதன்மேல் மெல்லிய பொற்கம்பியை அடித்துப் படியவைப்பர். உலோகமல்லாத நிரப்பாக மினாகாரியைச் சுட்டலாம். கண்ணாடித் தூளைக் குழிவில் இட்டுச் சூளையில் உருக்கும் அவ்வேலை வாட்பிடிகளில் மிகுதி. சுடுபடும் குழலுக்கு அது ஏற்றதன்று.

திப்பு சுல்தானுக்காகச் சீரங்கப்பட்டணத்தில் உருவாக்கப்பட்ட துப்பாக்கிகளில் இக்கலையின் உச்சத்தைக் காணலாம். புலிவரிக் கோலம், அரபு எழுத்துகளால் அமைந்த புலிமுகக் குறி, மௌலூதி ஆண்டு ஆகியவை அவற்றில் இடம்பெறுகின்றன. நபிகள் பிறப்பை அடியொற்றிய அவ்வாண்டுமுறையில் இலக்கங்கள் வலமிருந்து இடமாக எழுதப்பட்டன. எடுத்துக்காட்டாக, மௌலூதி 1226 என்பது ஏறத்தாழ பொ.ஆ. 1797-98.

கம்பெனித் துப்பாக்கிகளின் போக்கு வேறு. அவற்றின் விசைத்தகட்டில் நான்காகப் பகுத்த இதய வடிவும் கம்பெனியின் எழுத்துகளும் கொண்ட வணிகக் குறி வெட்டப்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முன்னங்கால் உயர்த்திய சிங்கம் அவ்விடத்தைப் பெற்றது. இக்குறிகள் நிரப்பப்படுவதற்காக வெட்டப்பட்டவை அல்ல. பளபளப்பாகத் தேய்த்த எஃகில் பள்ளத்தின் நிழலே எழுத்தைக் காட்டப் போதுமானது. வண்ணத்தின் தேவை எழுந்தது ஆயுதங்களின் மேற்பரப்பு கறுத்த பின்னரே. கருநீலப் பூச்சும் பாஸ்பேட்டுப் பூச்சும் பரவிய 20ஆம் நூற்றாண்டில் குறியும் பரப்பும் ஒரே நிறமாயின. பாதுகாப்பு நிலைக்கு வெள்ளையும் சுடுநிலைக்குச் சிவப்பும் இடும் வழக்கம் அச்சூழலில் வேரூன்றியது. அங்கு வண்ணம் வீரனுக்கான அறிவிப்பு, அணியன்று.

இன்றைய சேகரிப்பாளர் இவ்வேறுபாட்டைப் பொருட்படுத்துவதில்லை. வண்ண மெழுகுக் குச்சியைக் குறியின்மேல் தேய்த்து, மேற்பரப்பைத் துணியால் துடைத்தால் பள்ளத்தில் மட்டும் நிறம் தங்கும். எனாமல் வண்ணத்தையும் இவ்வாறே இடுவர். தற்காலத் துப்பாக்கியில் இதனால் பெரிய கேடில்லை. 18ஆம் நூற்றாண்டுப் பொருளில் நிலைமை வேறு. பள்ளத்தின் குறுக்குவெட்டே முதன்மைச் சான்று: உட்குடைவு இருந்தால் அங்கு ஒருகாலத்தில் பொன்னோ வெள்ளியோ இருந்திருக்கும், ஆங்கில ‘வி’ வடிவில் சரிவாக இருந்தால் அது வெறுமையாக விடப்பட்ட வெட்டாகவே இருக்க வாய்ப்பு மிகுதி. அடியில் ஒட்டிய பொற்றுகள் உலோகத்தின் தன்மையைக் கூறும். வண்ணம் இரண்டையும் மூடிவிடுகிறது. ஊசியால் அதைச் சுரண்டி எடுக்கும்போது துகளும் உடன் போகிறது.

இதனினும் நுட்பமான தீங்கு வாசிப்பைச் சார்ந்தது. அரபு வழி இலக்கங்களில் இரண்டுக்கும் மூன்றுக்கும் வேறுபாடு தலைப்பகுதியில் ஒரே ஒரு பல். துருவரித்த ஒரு கீறலில் வெள்ளை மெழுகு புகுந்தால் 1222 எனும் ஆண்டு 1223 ஆகிவிடும். பின்னர் வருவோர் ஒளிப்படத்தையே சான்றாகக் கொள்வர். கல்வெட்டாய்வாளருக்கு இச்சிக்கல் புதிதன்று. திருத்தணி வீரட்டானேசுவரர் கோயிலிலுள்ள அபராசித பல்லவன் காலக் கல்வெட்டைப் போன்ற பழம்பொறிப்புகளில் சுண்ணக்கட்டியால் எழுத்தை நிரப்பிப் படிப்பவர், தாம் வாசித்ததையே கல்லில் எழுதிவிடுகிறார். பொரிவு ஒன்று புள்ளியாகிவிட, உயிர்மெய் மெய்யாகிவிடும். மைப்படி எடுக்கும் முறை, எழுத்தின் பள்ளத்தை வெண்மையாக விட்டுச் சுற்றுப்பரப்பை மட்டும் கறுப்பாக்குவதால், இத்தவற்றை வெகுவாகக் குறைக்கிறது. கல்லுக்கு ஏற்றுக்கொண்ட இந்நெறியை நாம் இரும்புக்கு இன்னும் ஏற்கவில்லை என்பது வியப்பளிக்கிறது.

தமிழகத்தில் ஒப்பிட எஞ்சியவை சிலவே என்பதால் இக்கவலை மிகுகிறது. தஞ்சை அரண்மனைப் படைக்கலக் கொட்டிலின் ஆயுதங்கள் 1860களில் சென்னைக்குக் கொண்டுவரப்பட்டபோது பெரும்பகுதி உடைக்கப்பட்டுப் பழைய உலோகமாக விற்கப்பட்டது. வால்ஹவுஸ் 1878இல் இந்தியன் ஆன்டிகுவரி இதழில் இதனைப் பதிவு செய்துள்ளார். தப்பியவற்றுள் ஒரு பகுதி சென்னை அரசு அருங்காட்சியகத்தில் உள்ளது. இத்தகைய பொருள்களில் குறியைத் தெளிவாகக் காட்ட வண்ணம் தேவையில்லை. பக்கவாட்டில் தாழ்ந்த கோணத்தில் விழும் ஒளியில், திசையை மாற்றி மாற்றி எடுத்த சில ஒளிப்படங்கள் போதும். ஏற்கெனவே வண்ணம் இடப்பட்டிருப்பின், அதன் நிறத்தையும் இடத்தையும் பொருட்பதிவேட்டில் குறித்த பின்னரே நீக்கத்தைப் பற்றி எண்ண வேண்டும்.