‘டிஸப்பொயின்ட்மென்ட்’: ஏமாற்றமா, ஏமாற்றுதலா?

ஆங்கில அறிக்கைகளைத் தமிழாக்கும்போது என்னை அடிக்கடி இடறும் சொல் ‘டிஸப்பொயின்ட்மென்ட்’. அகராதியில் ‘ஏமாற்றம்’ என்று இருக்கும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

பிரெஞ்சிலிருந்து 15ஆம் நூற்றாண்டளவில் ஆங்கிலத்துக்கு வந்த சொல்லின் வழித்தோன்றல் இது. ‘அப்பொயின்ட்’ என்றால் நியமித்தல். முன்னால் ‘டிஸ்’ சேர்ந்ததும் பதவியிலிருந்து நீக்குதல். எதிர்பார்த்தது கிடைக்காத மனநிலை என்பது பின்னால் வந்த பொருள். நியமனக் கடிதம் கேட்டு வீதியில் நிற்கும் நம் பட்டதாரிகளுக்கு இரண்டும் ஒன்றுதான்.

மனம் சோர்ந்தவர் ‘டிஸப்பொயின்டட்’. சோர வைத்த பரீட்சை முடிவு ‘டிஸப்பொயின்டிங்’. ‘ஐ ஆம் டிஸப்பொயின்டிங்’ என்றால், நானே மற்றவர்களுக்கு ஏமாற்றம் தருபவன் என்றாகிவிடும். முடிவைப் பற்றிப் பேசும்போது ‘வித்’, ‘அட்’, ‘பை’ மூன்றும் பொருந்தும். ஆளைக் குறித்து ‘இன்’ வந்தால் கனம் கூடுகிறது. ‘டிஸப்பொயின்டட் இன் யூ’ என்று ஆசிரியர் சொன்னால், உன்மேல் வைத்த மதிப்பே குறைந்துவிட்டது என்று பொருள்.

இந்தச் சொல்லில் வஞ்சகம் இருக்கவேண்டியதில்லை. மழையால் கிரிக்கெட் ஆட்டம் நின்றாலும் இதே சொல்தான். தமிழில் ‘ஏமாற்றமளித்தது’ என்பதற்கும் ‘ஏமாற்றியது’ என்பதற்கும் இடையே ஒரு குற்றச்சாட்டு நிற்கிறது. இலங்கை 2015 ஒக்டோபரில் இணை அனுசரணை வழங்கிய ஜெனீவாத் தீர்மானத்திலிருந்து 2020 பெப்ரவரியில் விலகுவதாக அறிவித்தது. இப்படியான வேளைகளில் இராஜதந்திரிகள் கையாளும் மென்மையான சொல் ‘டிஸப்பொயின்டட்’. கண்டனத்துக்குப் பல படிகள் கீழே நிற்பது. அதை ‘ஏமாற்றப்பட்டோம் என்று கொதித்தனர்’ எனத் தலைப்பிட்டால், அவர்கள் சொல்லாத கோபத்தை நாம் கடனாகக் கொடுக்கிறோம்.

மறுபக்கம் இன்னும் பாரதூரமானது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளில் ஒரு தாய் ‘எங்களை ஏமாத்திப்போட்டினம்’ என்றால், அது மனச்சோர்வல்ல. வாக்குக் கொடுத்தவர்கள்மீது வைக்கும் குற்றச்சாட்டு. ஆங்கிலத்தில் அதை ‘டிஸப்பொயின்டட்’ என்று எழுதினால் குற்றவாளி வசனத்திலிருந்து நழுவிவிடுகிறார். அந்த இடத்தில் ‘டிசீவ்ட்’ என்றே நான் எழுதுகிறேன்.