வயல் நெட்டைக்காலி

வயல் நெட்டைக்காலி, வாலாட்டிக் குடும்பத்தைச் சேர்ந்த சிறிய பாடும் பறவை. பாகிஸ்தான் முதல் பிலிப்பைன்ஸ் வரையுள்ள வெட்டவெளிகளில் வாழ்கிறது. இலங்கையில் ஆண்டு முழுவதும் தங்கும் இனம். மட்டக்களப்பு வாவியை அடுத்த படுவான்கரை வட்டைகளிலும் மேய்ச்சல் தரைகளிலும் சாதாரணமாகக் காணப்படும்.

வகைப்பாடு

பிரெஞ்சுப் பறவையியலாளர் வியேயோ 1818இல் இதற்கு ‘அந்தஸ் ருஃபுலஸ்’ என்று பெயரிட்டார். அந்தஸ் என்னும் பேரினத்தை ஜெர்மானியரான பெக்ஸ்டைன் 1805இலேயே நிறுவியிருந்தார். ஜெர்டன் 1860களில் வெளியிட்ட இந்தியப் பறவைகள் நூலில் இதைக் ‘கோரிடல்லா’ என்ற பேரினத்தில் வைத்தார், அப்பெயர் நிலைக்கவில்லை. 20ஆம் நூற்றாண்டில் ரிச்சர்ட் நெட்டைக்காலி, ஆபிரிக்க, நியூசிலாந்து நெட்டைக்காலிகள் ஆகியவற்றோடு இதையும் ஒரே இனமாக அடக்கினர். குரல், உடலளவு, பின்விரல் நகம் ஆகியவை ஒப்பிடப்பட்ட பின் இது தனி இனமாகப் பிரிக்கப்பட்டது. அல்ஸ்ட்ரோம், மில்ட் ஆகியோரின் 2003ஆம் ஆண்டு நூலும் அவ்வாறே கொள்கிறது.

அடையாளம்

நீளம் ஏறத்தாழ 15 செ.மீ. முதுகு கோடுகளிட்ட சாம்பல் பழுப்பு, வயிறு வெளிர்நிறம், மார்பில் மெல்லிய கீற்றுகள். ஆணும் பெண்ணும் ஒன்றுபோலிருக்கும். வரம்பில் விறுவிறுவென்று ஓடி, சட்டென நின்று, நெஞ்சை நிமிர்த்தி வாலை மேலும் கீழும் ஆட்டும். கிளம்பிப் பறக்கையில் வால் ஓரத்து வெள்ளிறகுகள் பளிச்சிடும்.

அதே தரையில் மேயும் வானம்பாடிக்குத் தலையில் சிறு கொண்டையும், புதர் வானம்பாடிக்குத் தடித்த அலகும் குட்டை வாலும் செம்பழுப்புச் சிறகும் உண்டு. மாரியில் வலசை வரும் ரிச்சர்ட் நெட்டைக்காலி இதைவிடப் பெரியது. அதன் பின்விரல் நகம் நீண்டது, குரல் கரகரத்தது. வயல் நெட்டைக்காலியோ ‘சிப்-சிப்’ என்று மென்மையாகவே ஒலிக்கும்.

உணவும் இனப்பெருக்கமும்

வெட்டுக்கிளி, சிள்வண்டு, புழு முதலியவற்றைத் தரையில் நடந்தே பிடிக்கும். புல்லடியில் கிண்ணம்போல் கூடமைத்து 3 அல்லது 4 முட்டைகளிடும். கூட்டருகே ஆள் வந்தால் சிறகொடிந்தாற்போல் படபடத்து அவரை அப்பால் இழுத்துச் செல்லும்.

தற்போதைய நிலை

அருகிவரும் இனமன்று, சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதைத் தீவாய்ப்புக் குறைந்த இனங்களுள் வைத்துள்ளது.