ரூத்தும் மாதரியும்

விவிலியத்து ரூத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள், அவள் மாமியார் நகோமிக்கு வழியில் கொடுத்த வாக்கையே எடுத்துச் சொல்வார்கள். எனக்கோ பெத்லகேமுக்குள் இருவரும் நுழைந்த பிறகு நடப்பதுதான் பெரிதாகப் படுகிறது. பஞ்சம் பிழைக்க மோவாபுக்குப் போன இடத்தில் கணவனையும் இரண்டு மகன்களையும் பறிகொடுத்தவள் நகோமி. ஊர்ப் பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டு விசாரிக்கும்போது, நிறைவாகப் போன தன்னைக் கடவுள் வெறுங்கையாகத் திரும்ப வைத்துவிட்டார் என்று புலம்புகிறாள். கூடவே நடந்து வந்த மருமகள் அவள் கணக்கில் இல்லை. ரூத் அதற்கு ஒரு வார்த்தை சொன்னதாகக் கதையில் இல்லை. கதிர் பொறுக்கப் போகட்டுமா என்று மட்டும் கேட்கிறாள்.

சிலப்பதிகாரத்து மாதரியை இந்த ரூத்துக்குப் பக்கத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும். மதுரைக்கு வெளியே, புறஞ்சேரியில் இயக்கி என்னும் தெய்வத்துக்குப் பால்சோறு படைத்துவிட்டுத் திரும்புகிற இடையர்குல மூதாட்டி அவள். கணவன் கோவலனோடு மதுரைக்கு வந்த கண்ணகியை, சமணத் துறவி கவுந்தியடிகள் வழியில் அவளிடம் அடைக்கலமாக ஒப்படைக்கிறார். ரூத்துக்கும் நகோமிக்கும் நடுவே பத்தாண்டுப் பழக்கம் இருந்தது. இறந்துபோன ஒருவனின் நினைவும் இருந்தது. மாதரிக்குக் கண்ணகி யாரோ ஒருத்தி. ஆனாலும் செம்மண் பூசிய தனி வீடு ஒதுக்கி, நீராட்டி, தன் மகள் ஐயையை அவளுக்கு நாத்தனார் முறையாக்கி உடன் இருத்துகிறாள்.

இருவருடைய பற்றும் கடைசியில் சோற்றில் வந்து நிற்பது தற்செயல் இல்லை. ரூத் மாலைவரை பொறுக்கியதைத் தட்டி எடுத்தால் ஏறக்குறைய ஒரு மரக்கால் வாற்கோதுமை. வயலில் தனக்குக் கொடுத்த வறுத்த தானியத்திலும் மிச்சம் பிடித்து வந்து மாமியாருக்குத் தருகிறாள். மாதரி வீட்டிலிருந்து பலாக்காய், வெள்ளரி, மாதுளங்காய், மாம்பழம், வாழைப்பழம், சாலியரிசி, பால், மோர் எல்லாம் வருகின்றன. எதுவும் சமைத்து வரவில்லை. வந்தவர்கள் சமண நோன்பிகள் என்று அவளுக்குத் தெரியும். ஐயை வைக்கோலில் தீ மூட்டித் தர, காய் அரிந்து விரல் சிவக்கக் கண்ணகியே சமைக்கிறாள்.

இங்கேதான் இரண்டு பெண்களும் விலகுகிறார்கள். நகோமியின் கடவுளையே தன் கடவுளாக ரூத் ஏற்கிறாள். பிறந்த மண்ணையும் தெய்வத்தையும் விட்டுத்தான் அவள் அந்தக் குடும்பத்துக்குள் வருகிறாள். மாயவனைத் தொழும் மாதரியோ தன் வழிபாட்டை மாற்றவில்லை, கண்ணகியின் நோன்பிலும் கை வைக்கவில்லை. என் மனம் மாதரி பக்கம்தான் சாய்கிறது. அடுத்தவருடைய நம்பிக்கையைக் கெடுக்காமல் அவருக்குச் சோறு போட்ட அந்தப் பக்குவம் இன்றைக்கும் அரிது.

ஆனால் முடிவு வேறாகிவிட்டதே. ரூத்துக்குச் சட்டம் துணை நின்றது. அறுவடையில் சிந்திய கதிர் ஏழைக்கும் அந்நியனுக்கும் விதவைக்கும் உரியது என்று மோசேயின் சட்டம் சொன்னது. அதை மதிக்கிற போவாஸ் வயலுக்குச் சொந்தக்காரனாக இருந்தான். அவனை மணந்து அவளுக்குப் பிள்ளை பிறந்தபோது, ஏழு மகன்களைவிட இவள் மேல் என்று நகோமியிடம் சொன்னவர்களும் அந்த ஊர்ப் பெண்கள்தான். மாதரிக்குக் கிடைத்தது விசாரிக்காமல் தீர்ப்புச் சொன்ன அரசன். அந்தத் தீர்ப்பால் கோவலன் கொலையுண்டதும், அடைக்கலத்தைக் காக்கத் தவறிவிட்டேன் என்று நள்ளிரவில் தீயில் விழுகிறாள். கவுந்தியடிகளும் உண்ணாமல் உயிர்விடுகிறார். சேர மன்னன் செங்குட்டுவனிடம் மாடலன் என்ற அந்தணன் சொல்லும் சேதியாக, சில வரிகளில் இது கடந்துபோகிறது.

இந்தச் சாவை நம் உரைகள் வாக்குத் தவறாமைக்குச் சான்றாகப் போற்றுவதை என்னால் ஏற்க முடிவதில்லை. தவறு அரண்மனையில் நடந்தது. அதற்கு உயிர் கொடுத்தவள் மோர் விற்றுப் பிழைத்த ஒரு கிழவி. தாயை இழந்து ஐயை தனித்து நிற்கிறாள். பிறகு புகாரிலிருந்து கண்ணகியைத் தேடி வந்த செவிலித்தாயும் அடித்தோழியும் தோழி தேவந்தியும் ஐயையைத் தங்களோடு அழைத்துக்கொண்டு சேரர் தலைநகர் வஞ்சிக்குப் போகிறார்கள். அந்த ஐயைக்கு யாரும் மாமியார் இல்லை, யாரிடமும் அவள் வாக்குக் கேட்கவில்லை.