டிரைபியூட்டைல்டின் ஹைட்ரைடு: மருந்து ஆய்வுக்கு உதவும் நச்சு வேதிப்பொருள்

கரிம வேதியியல் ஆய்வகங்களில் அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பயன்படும் டிரைபியூட்டைல்டின் ஹைட்ரைடு, சிக்கலான மூலக்கூறுகளை உருவாக்கத் துணைபுரிகிறது. அதே வேளையில், கையாள்பவருக்கும் நீர்வாழ் உயிரினங்களுக்கும் கேடு விளைவிக்கும் தன்மையும் இதற்கு உண்டு.

செயல்படும் விதம்

ஒரு வெள்ளீய அணுவுடன் மூன்று பியூட்டைல் தொகுதிகளும் ஒரு ஹைட்ரஜனும் இணைந்த நிறமற்ற திரவம் இது. வெள்ளீயத்துக்கும் ஹைட்ரஜனுக்கும் இடையிலான பிணைப்பு வலுக் குறைந்தது என்பதே இதன் சிறப்பு. ஏஐபிஎன் என்னும் துவக்கியைச் சிறிதளவு சேர்த்துச் சூடாக்கினால் அந்தப் பிணைப்பு முறிந்து, வெள்ளீயத் தனி உறுப்பு உருவாகிறது. அது வேறொரு மூலக்கூறிலிருந்து புரோமின் அல்லது அயோடினைப் பறித்துக்கொள்ள, அவ்விடத்தில் ஹைட்ரஜன் வந்து சேர்கிறது. இவ்வினை சங்கிலியாகத் தொடர்கிறது.

முக்கியப் பயன்கள்

நோபல் பரிசு பெற்ற பிரிட்டன் வேதியியலாளர் டெரெக் பார்ட்டனும் மெக்கோம்பியும் 1975-ல் வெளியிட்ட முறை, இதன் பயன்பாட்டை விரிவாக்கியது. ஆல்ககாலை முதலில் கந்தகம் கொண்ட சேர்மமாக மாற்றி, பின்னர் ஆக்சிஜனை நீக்கும் முறை அது. சர்க்கரை மூலக்கூறுகளை மாற்றியமைக்க இம்முறை பெரிதும் பயன்படுகிறது. 1985-ல் அமெரிக்க வேதியியலாளர் டென்னிஸ் கர்ரன், ஹிர்சுட்டீன் என்னும் இயற்கைச் சேர்மத்தின் மூன்று வளைய அமைப்பை இவ்வினைப்பொருளின் துணையுடன் உருவாக்கினார்.

ஆபத்துகள்

விழுங்கினால் நச்சாகும் இத்திரவம், தோல் வழியாகவும் உடலுக்குள் ஊடுருவும். தோலிலும் கண்ணிலும் எரிச்சல் உண்டாக்கும். டிரைபியூட்டைல்டின் சேர்மங்கள் நோய் எதிர்ப்பு மண்டலத்தைப் பாதிப்பது விலங்கு ஆய்வுகளில் தெரியவந்துள்ளது. சேமித்து வைத்த குப்பியில் ஹைட்ரஜன் வாயு மெல்ல வெளியேறி அழுத்தம் கூடலாம் என்பதால், திறக்கும்போதும் எச்சரிக்கை தேவை.

வினை முடிந்தபின் எஞ்சும் வெள்ளீயக் கழிவை விளைபொருளிலிருந்து பிரிப்பது கடினம். மருந்துத் தயாரிப்பில் இதைப் பயன்படுத்தத் தயங்குவதற்கு இதுவே முக்கியக் காரணம். பொட்டாசியம் ஃபுளூரைடு கரைசலால் கழுவினால், கழிவு கரையாத திண்மமாக மாறும். அதை வடிகட்டி அகற்றலாம்.

கடல் தந்த பாடம்

இதே குடும்பத்தைச் சேர்ந்த சேர்மங்கள், கப்பலின் அடிப்பகுதியில் சிப்பிகளும் பாசியும் ஒட்டாதிருக்க வண்ணப்பூச்சில் சேர்க்கப்பட்டன. பிரான்சின் ஆர்க்கஷோன் விரிகுடாவில் சிப்பி வளர்ப்பு நலிந்ததையடுத்து, 1982-ல் அந்நாடு சிறு படகுகளுக்கு அவற்றைத் தடை செய்தது. மிக நுண்ணிய அளவிலேயே பெண் கடல் நத்தைகளில் ஆண் உறுப்புகள் வளர்ந்து இனப்பெருக்கம் தடைபட்டது. இத்தகைய பூச்சுகளைத் தடை செய்யும் பன்னாட்டு உடன்படிக்கை 2001-ல் ஏற்கப்பட்டு, 2008-ல் நடைமுறைக்கு வந்தது.

மாற்று வழிகள்

நச்சுத்தன்மை குறைந்த டிரிஸ்(டிரைமெத்தில்சிலில்)சிலேன் பல வினைகளில் இதற்கு மாற்றாகிறது. வெள்ளீயத்தை மிகக் குறைவாகச் சேர்த்து, வினையின்போதே புதுப்பித்துக்கொள்ளும் முறைகளும் உள்ளன. தவிர்க்க இயலாத இடங்களில் கையுறை, கண்ணாடி, நச்சாவியை உறிஞ்சி வெளியேற்றும் வசதி ஆகியவை கட்டாயம். கழிவை எக்காரணம் கொண்டும் வடிகாலில் ஊற்றாமல், தனியே சேகரித்து அபாயகரக் கழிவாகவே அகற்ற வேண்டும்.