சேற்றில் கைகொடுக்கும் எண்

பெங்களூரின் ஜீவனஹள்ளியில் இருந்து ஹென்னூர், பாகலூர் பக்கமாக வடக்கே போனால், தார்ச்சாலையை விட்டு இறங்கியதும் செம்மண். மழை பெய்த மறுநாள் அதில் வண்டியை இறக்கியவர்களுக்கு ஒன்று தெரியும். சக்கரம் ஒருமுறை வழுக்கிவிட்டால், ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க மண்ணைத் தோண்டிக்கொண்டு அச்சு வரை புதையும். அதே பள்ளத்தில் ஒரு பழைய வில்லிஸ் ஜீப் லோ கியரில், உறுமாமல், ஊர்ந்து ஏறிவிடும். அதன் என்ஜினுக்கு 60 குதிரைத்திறன்தான். இன்றைய குடும்பக் கார்கள் பலவும் அதைத் தாண்டிவிட்டன. அப்படியானால் ஜீப்பை ஏற்றிவிட்டது எது? இதற்குப் பதில் சொல்ல குதிரைத்திறன் பிறந்த இடத்துக்கே போக வேண்டும்.

அது பிறந்தது ஒரு வாடகைக் கணக்கில். ஜேம்ஸ் வாட்டும் கூட்டாளி மேத்யூ போல்ட்டனும் சுரங்கங்களுக்கு நீர் இறைக்கும் நீராவி எந்திரங்களைக் கொடுத்துவந்தார்கள். பழைய நியூகோமன் எந்திரத்தோடு ஒப்பிட்டு, மிச்சமாகும் நிலக்கரியின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கை வாங்கிக்கொள்வார்கள். 1780-களில் சக்கரத்தைச் சுழற்றும் எந்திரம் வந்ததும் மதுவடிப்பவர்களும் மாவு அரைப்பவர்களும் கேட்டு வந்தார்கள். அவர்களிடம் மிச்சம் பார்க்கப் பழைய எந்திரமே கிடையாது, குதிரைகள்தான் இருந்தன. எனவே எந்திரம் எத்தனை குதிரைகளின் வேலையைச் செய்கிறது என்று கணக்குப் போட்டு வாடகை வைத்தார் வாட்.

நம் ஊர்ச் செக்கில் மாடு சுற்றுவதுபோல, அங்கே ஆலையில் குதிரை சுற்றியது. அது நடந்த வட்டத்தின் ஆரம் 12 அடி. மணிக்கு 144 சுற்று. இழுப்பு 180 பவுண்டு, அதாவது சுமார் 82 கிலோ எடை. மூன்றையும் கொண்டு கணக்கிட்டு, நிமிடத்துக்கு 33,000 அடி-பவுண்டு என்று முழுமையாக்கினார். இன்று நாம் சொல்லும் 746 வாட் அதுதான்.

அந்தக் கணக்கைப் பிரித்துப் பார்த்தால் இரண்டாவது எண்ணும் உள்ளேயே இருக்கிறது. 180 பவுண்டை 12 அடியால் பெருக்கினால் 2,160. இன்றைய அளவில் சுமார் 2,930 நியூட்டன் மீட்டர். அதுதான் முறுக்குவிசை, மெக்கானிக்குகள் சொல்லும் டார்க். தண்டு எவ்வளவு பலமாகத் திருகப்படுகிறது என்பதை அது சொல்கிறது. குதிரைத்திறன், அந்தத் திருகலை எவ்வளவு வேகத்தில் செய்ய முடிகிறது என்பதைச் சொல்கிறது. என்ஜினைச் சோதிக்கும் இன்றைய டைனமோமீட்டரும் முறுக்குவிசையையும் சுழற்சியையும்தான் அளக்கிறது. நியூட்டன் மீட்டரை நிமிடச் சுற்றால் பெருக்கி 7,121-ஆல் வகுத்தால் குதிரைத்திறன் வந்துவிடும்.

கரடுமுரடான தரைக்கென்று இந்த இரண்டாவது எண்ணை எழுத்திலேயே கேட்டு வாங்கியது அமெரிக்க ராணுவம். 1940 ஜூலையில், பின்னர் ஜீப் ஆன சிறிய நான்கு சக்கர உந்து வண்டி வேண்டும் என்று 135 நிறுவனங்களுக்கு அது அனுப்பிய நிபந்தனைகளில், என்ஜினுக்குக் குறைந்தது 85 அடி-பவுண்டு முறுக்குவிசை வேண்டும் என்பதும் ஒன்று. பேன்டம், ஃபோர்டு நிறுவனங்களின் என்ஜின்கள் அந்த எல்லையை ஒட்டியே நின்றன. வில்லிஸ் நிறுவனத்தின் கையில் இருந்த ‘கோ டெவில்’ என்ஜின் 105 கொடுத்தது. 1938-இல் அங்கே சேர்ந்த பொறியாளர் பார்னி ரூஸ், 48 குதிரைத்திறன் கொண்ட பழைய கார் என்ஜினைத் தேற்றி 60-க்குக் கொண்டுவந்திருந்தார்.

இதில் கவனிக்க வேண்டியது, அந்த 105 அடி-பவுண்டு, அதாவது 142 நியூட்டன் மீட்டர், நிமிடத்துக்கு வெறும் 2,000 சுற்றிலேயே கிடைத்தது என்பது. முழு 60 குதிரைத்திறனுக்கு 4,000 சுற்று வேண்டும். 2,000-இல் ஏறக்குறைய 40 தான். பள்ளத்தில் அது போதும், ஏனென்றால் மீதியைக் கியர் செய்கிறது. விகிதங்கள் இவை: முதல் கியர் 2.665, லோ ரேஞ்ச் 1.97, அச்சு 4.88. மூன்றையும் பெருக்கினால் 25.6. உராய்வு இழப்பை விட்டுவிட்டால் சக்கரங்களுக்குப் போய்ச் சேருவது சுமார் 3,640 நியூட்டன் மீட்டர், ஆலைக் குதிரையின் திருகலைவிடச் சற்றே அதிகம். ஆனால் குதிரை நிமிடத்துக்கு 2.4 முறை சுற்றியது. ஜீப்பின் சக்கரம் 78 முறை சுற்றும். ஒரு குதிரைக்கும் 40 குதிரைக்கும் இடையில் உள்ள வித்தியாசத்தில் பெரும்பகுதி அந்த வேகம்தான். கியரால் முறுக்குவிசையை எவ்வளவு வேண்டுமானாலும் பெருக்கலாம், அதற்கு விலையாக வேகத்தைக் கொடுக்க வேண்டும். குதிரைத்திறனை எந்தக் கியராலும் கூட்ட முடியாது.

விடுதலைக்குப் பிறகு, 1940-களின் இறுதியில் மும்பையில் மகிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்பை ஒன்றுசேர்த்துத் தயாரிக்கத் தொடங்கியது. நம் மலைச்சாலைகளுக்கும் தோட்டங்களுக்கும் இந்த இழுவை பழகியது அப்படித்தான். அடுத்து 1985-இல் வந்தது மாருதி ஜிப்ஸி. ஜீவனஹள்ளிக்கு அருகே, அல்சூர் ஏரிக்கரையில் ராணுவத்தின் மெட்ராஸ் சாப்பர்ஸ் மையம் இருக்கிறது. ராணுவ ஜிப்ஸி இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு அன்றாடக் காட்சி. பின்னாளைய 1.3 லிட்டர் ஜிப்ஸிக்கு 80 குதிரைத்திறன், ஜீப்பைவிட 20 அதிகம். முறுக்குவிசையோ 103 நியூட்டன் மீட்டர்தான், அதுவும் 4,500 சுற்றில். எடை ஏறக்குறைய ஒரு டன்தான் என்பதால் தப்பித்தது. அதை ஓட்டுபவர் சுற்றைக் குறையவிடாமல், ஓட்டத்தோடு மேட்டில் ஏற்ற வேண்டும். ஜீப்பை ஓட்டுபவர் காலை எடுத்துவிட்டு என்ஜினையே நம்பலாம்.

2020-இல் வந்த புதிய மகிந்திரா ‘தார்’ வண்டியில் இந்தப் பாடம் இன்னும் தெளிவு. மேனுவல் கியரில் பெட்ரோலுக்கு 150 குதிரைத்திறன், டீசலுக்கு 130. இரண்டுக்கும் முறுக்குவிசை 300 நியூட்டன் மீட்டர். பெட்ரோலில் 1,250 சுற்றிலிருந்தும் டீசலில் 1,600-லிருந்தும் கிடைக்கிறது. அந்த 20 குதிரை வித்தியாசம் ஹைவேயில் முந்தும்போது தெரியும். செம்மண் பள்ளத்தில் தெரியாது.

குதிரைத்திறனை ஒதுக்கிவிடவும் கூடாது. ஆழமான மணலில் வண்டி மிதந்து போக வேண்டும். சக்கரம் நிற்காமல் வேகமாகச் சுழலாவிட்டால் அமிழ்ந்துவிடும். அங்கே கேட்பது குதிரைத்திறனைத்தான். சேற்றிலும் பாறையிலும் டயரின் பிடி தாங்கும் அளவுக்குத்தான் முறுக்குவிசை பயன்படும். அதற்கு மேல் போனால் சக்கரம் வழுக்கும். வலிமையை அளந்து கொடுக்க முடிகிற என்ஜினே காட்டுக்கு ஏற்ற என்ஜின்.

ஆகவே வண்டி வாங்கப் போகிறவர்கள் விளம்பரத் தாளில் பெரிய எழுத்தில் இருக்கும் குதிரைத்திறனோடு நின்றுவிட வேண்டாம். முறுக்குவிசைக்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் சுற்றைப் பாருங்கள், எதிலிருந்து எது வரை என்று கேளுங்கள். லோ ரேஞ்ச் கியர் உண்டா, அதன் விகிதம் என்ன, வண்டியின் எடை எவ்வளவு என்றும் கேளுங்கள். மழைக்கு மறுநாள் உங்களை வீடு கொண்டுவந்து சேர்ப்பவை இந்த எண்கள்தான்.